வார்னிஷ் அடித்த மரத்தை ரெண்டரில் நிஜமாகக் கொண்டுவருவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலேசியாவின் ஜொகூரில் லாபிஸ் மாதிரியான தோட்டப்புற ஊர்களில் இப்போது வீட்டிலிருந்தபடியே முப்பரிமாணப் படம் செய்து சம்பாதிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். மூவார் பக்கம் பர்னிச்சர் தொழில் பெரிது. நாற்காலியும் மேசையும் செய்து முடிக்கும் முன்பே அதன் படம் விற்பனைக்குத் தேவைப்படுகிறது. அந்தப் படத்தைக் கணினி கணக்கிட்டு உருவாக்குவதைத்தான் ரெண்டர் என்கிறோம். அந்த வேலையைத் தொடங்குகிறவர்கள் என்னிடம் கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான்: வார்னிஷ் அடித்த மரம் ஏன் சரியாக வரவில்லை? கேட்டவர்களின் பேச்சிலேயே கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளின் 4.0-க்குப் பிந்தைய பதிப்புகளை வைத்து எழுதியவை. அது இலவசம், எல்லாரிடமும் இருக்கிறது.

அக்கா, நல்ல மரப் படமா பார்த்து டவுன்லோட் பண்ணி ஒட்டினேன். ரெண்டர் பண்ணா பிளாஸ்டிக் ஒட்டின மேசை மாதிரி இருக்கு. ஏன்?

ஏனென்றால் நீங்கள் செய்திருப்பது ஒரே ஒரு மேற்பரப்பு. வார்னிஷ் அடித்த மரத்தில் இரண்டு இருக்கின்றன. கீழே மரம், மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு மெல்லிய படலம். நிறம், நார், துளை எல்லாம் மரத்திலிருந்து வருகின்றன. ஜன்னலும் விளக்கும் தெரிவது படலத்தில். இந்த இரண்டு வேலையையும் ஒரே ரஃப்னஸ் (மேற்பரப்பின் சொரசொரப்பு) எண்ணிடம் கொடுத்தால் இரண்டுமே கெட்டுப்போகும்.

வீட்டில் வார்னிஷ் அடித்த கதவோ சாமி மேடையோ இருந்தால் அதன் முன் நின்று பாருங்கள். பலகையில் தெரியும் ஜன்னலின் பிம்பத்தை உற்றுப் பார்த்தால் மரத்தின் கோடுகள் மங்கும். கோடுகளை உற்றுப் பார்த்தால் பிம்பம் மங்கும். இரண்டும் ஒரே தூரத்தில் இல்லை. இந்தப் பிரிவைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து கணினியில் உட்கார்ந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கீழே வரும் பதில்கள் எல்லாமே இதிலிருந்து கிளைப்பவைதான்.

அந்த ரெண்டாவது படலத்தை எங்கே போடுறது?

பிளெண்டரில் பொருளின் தோற்றத்தை அமைக்கும் கட்டமான பிரின்சிபில்ட் பி.எஸ்.டி.எஃப் நோடில் 'கோட்' என்று ஒரு பகுதி இருக்கிறது. 4.0-க்கு முன் அதன் பெயர் கிளியர்கோட். டிஸ்னி ஸ்டுடியோவின் பிரென்ட் பர்லி 2012-ல் வெளியிட்ட ஷேடிங் (மேற்பரப்பு ஒளியை எப்படித் திருப்பும் என்ற கணக்கு) முறையிலேயே இந்தக் கிளியர்கோட் உண்டு. அதன் வழியில்தான் இன்று பல மென்பொருள்களில் இது இருக்கிறது. கோட் வெயிட்டை 1 என்று வையுங்கள். வார்னிஷ் பலகையில் ஒன்று இருக்கும், அல்லது இருக்காது. 0.3 என்பதற்கு நிஜத்தில் பொருள் இல்லை. பூச்சு அங்கங்கே தேய்ந்த பழைய நாற்காலிக்கு மட்டும் ஒரு கறுப்பு வெள்ளைப் படத்தை வைத்து வெயிட்டை இடத்துக்கு இடம் மாற்றலாம்.

கோட் ஐ.ஓ.ஆர் 1.5-ன்னு இருக்கு. பளபளப்பு பத்தலைன்னா அதை 2, 3-ன்னு ஏத்தலாமா?

வேண்டாம். ஐ.ஓ.ஆர் என்பது ஒளிவிலகல் எண், ஒரு பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பது. பாலியூரித்தேனோ லாக்கரோ ஷெல்லாக்கோ, எல்லாம் ஏறத்தாழ 1.5-க்குப் பக்கத்திலேயே இருக்கும். 1.5 என்றால், நேர் எதிரே நின்று பார்க்கும்போது விழும் ஒளியில் 4 சதவீதம்தான் படலத்தில் பட்டுத் திரும்பும். பார்க்கும் கோணம் சாயச் சாய அது ஏறும். 60 பாகையில் ஏறக்குறைய 9 சதவீதம், 80 பாகையில் 39 சதவீதம். அதனால்தான் சாப்பாட்டு மேசையை மேலிருந்து பார்த்தால் மரமாகவும், உட்கார்ந்து மறுமுனையைப் பார்த்தால் கண்ணாடியாகவும் தெரிகிறது.

எண்ணை ஏற்றினால் எல்லாக் கோணத்திலும் மினுங்கும், மரம் உலோகமாகிவிடும். பளபளப்பு போதவில்லை என்று தோன்றுகிறவர்களுக்குப் பெரும்பாலும் குறைவது ஐ.ஓ.ஆர் அல்ல, பிரதிபலிக்க எதிரே ஒரு பொருள் இல்லாததுதான். அதற்குத் தனிக் கேள்வி பின்னால் வருகிறது.

கோட் ரஃப்னஸ் எவ்வளவு வைக்கணும்? ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

எந்த வார்னிஷ் என்று தெரியாமல் எண் சொல்ல முடியாது. நல்ல பளபளப்பு என்றால் 0.03-லிருந்து 0.1. சாட்டின் என்றால் 0.25-லிருந்து 0.35. மேட் என்றால் 0.5-க்கு மேல். இவை தொடங்குவதற்கான எண்கள்தான்.

டியூப் லைட்டின் பிம்பம் நிஜப் பலகையில் எப்படி விழுகிறது என்று பாருங்கள். விளிம்பு கூராகத் தெரிந்தால் பளபளப்பு. குழாய் என்று தெரிந்தும் விளிம்பு கரைந்திருந்தால் சாட்டின். வெறும் வெளிச்சத் திட்டு என்றால் மேட். பிறகு அதே மாதிரி நீளமான ஏரியா லைட் (ஒரு பரப்பு முழுக்க ஒளி தரும் விளக்கு) ஒன்றைக் காட்சியில் வைத்து, பிம்பம் ஒத்துப்போகும் வரை ரஃப்னஸை நகர்த்துங்கள். எண்ணை ஆராய்வதைவிட இது நிச்சயமான வழி.

வார்னிஷ் அடிச்சா மரம் கருத்துப்போகுதே. வார்னிஷுக்கு நிறமே இல்லைன்னு சொல்றீங்க, அப்புறம் எப்படி?

நல்ல கேள்வி. இதைப் புரிந்துகொண்டவர்களின் மரம் தனியாகத் தெரியும். இழைத்த மரத்தின் மேற்பரப்பில் அறுந்த நாரும் காற்று நிறைந்த குழிகளும் ஏராளம். காற்றுக்கும் மரத்துக்கும் ஒளிவிலகலில் வித்தியாசம் அதிகம். அதனால் ஒளி மரத்துக்குள் இறங்கும் முன்பே மேலே சிதறி வெள்ளையாகத் திரும்புகிறது. வெறும் மரம் மேலே லேசாக மாவு பூசியது போல வெளிறித் தெரிவது இதனால்தான். வார்னிஷ் அந்தக் குழிகளில் காற்று இருந்த இடத்தை நிரப்புகிறது. வார்னிஷின் ஒளிவிலகல் மரத்துக்கு நெருக்கமானது. எனவே சிதறல் குறைந்து ஒளி உள்ளே போகிறது, மரத்தின் நிறத்தோடு திரும்பி வருகிறது.

இன்னொன்றும் நடக்கிறது. மரத்திலிருந்து திரும்பும் ஒளி படலத்தைத் தாண்டி வெளியே வரவேண்டும். ஏறக்குறைய 42 பாகையைவிடச் சாய்வாக வரும் ஒளி முழுக்க உள்ளேயே திருப்பப்பட்டு மறுபடி மரத்தில் விழும். ஒவ்வொரு முறையும் மரம் கொஞ்சம் விழுங்கும். மரம் நீலத்தை அதிகம் விழுங்கும், சிவப்பையும் மஞ்சளையும் குறைவாக. அதனால் கருமையோடு செம்மையும் கூடுகிறது.

செய்முறைக்கு வந்தால்: உங்கள் டெக்ஸ்சர் (மாடலில் ஒட்டும் படம்) வெறும் மரத்தின் படம் என்றால், அதற்கும் பேஸ் கலருக்கும் (அடி நிறம்) நடுவில் ஒரு காமா நோட் போட்டு 1.2-லிருந்து 1.4 வரை கொடுங்கள். நிறம் கருத்து, கூடவே செறிவும் ஏறும். வெறும் பிரைட்னஸைக் குறைத்தால் கருமை மட்டும் வரும், அழுக்காகத் தெரியும். படம் ஏற்கெனவே வார்னிஷ் அடித்த மரம் என்றால் இதைச் செய்யாதீர்கள், இரண்டு முறை பூசியதாகிவிடும்.

எந்த மரமா இருந்தாலும் மெட்டீரியல் ஒண்ணுதானே? படத்தை மட்டும் மாத்தினா போதாதா?

கோட் பகுதி ஒன்றுதான். கீழே உள்ள மரம் ஒன்றல்ல. இணையத்தில் முதலில் கைக்கு வருவது ஓக்கும் பைனும். குளிர்காலம் உள்ள நாட்டு மரங்களில் ஆண்டு வளையம் தெளிவாக இருக்கும். பலகையாக அறுத்தால் மலை மலையாகக் கோடு வரும். நம் நாட்டு மரங்கள் பெரும்பாலும் வருடம் முழுக்க வளர்பவை. அந்த அழுத்தமான வளையக் கோடு அவற்றில் இருக்காது. பைன் படத்தைச் சிவப்பாக்கி மெராந்தி என்று கொடுத்தால் பர்னிச்சர் தொழிற்சாலைக்காரர் உடனே கண்டுபிடித்துவிடுவார்.

நம் பக்கம் அதிகம் கேட்கப்படுவது ரப்பர் கட்டை. நம் தாத்தா பாட்டி பால் வெட்டிய அதே மரம். பால் குறைந்து, 25, 30 வருடத்தில் வெட்டி மறுநடவு செய்யும்போது கட்டை பர்னிச்சருக்குப் போகிறது. நிறம் வெளிர் கிரீம், சில பலகைகளில் லேசான இளஞ்சிவப்பு. துளைகள் சிறு பழுப்புக் கோடுகளாகத் தெரியும். வெட்டிய கட்டையைப் பூச்சியும் நீலப் பூஞ்சையும் சீக்கிரம் பிடிக்கும். அதனால் போரான் மருந்து ஏற்றி உலர்த்திய பிறகே வேலைக்கு எடுப்பார்கள். மேசைப் பலகை ஒரே துண்டாக இருப்பது அரிது. குறுகிய பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, முனைகளைச் சீப்புப் பல் போலக் கோத்துச் செய்வார்கள். ஆகவே ரெண்டரிலும் பட்டைக்குப் பட்டை நிறம் கொஞ்சம் மாறவேண்டும், நாரின் ஓட்டமும் மாறவேண்டும். ஒரே நீளத் துண்டாக ரப்பர் கட்டை மேசை செய்து காட்டுவது பொய்யான படம்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அடர்சிவப்பு மெராந்தியில் பிசின் நிறைந்த மெல்லிய வெள்ளைக் கோடுகள் அங்கங்கே ஓடும். மெர்பாவ் செம்பழுப்பு, அதன் துளைகளில் மஞ்சள் பொடி படிந்திருக்கும். செங்கால் மரம் புதிதாக இருக்கும்போது மஞ்சள் பழுப்பு, நாளாக ஆகக் கருஞ்சிவப்பை நோக்கிப் போகும். பழைய துரை பங்களாவின் தரையை மறுபடி உருவாக்கச் சொன்னால், முதலில் அது எந்த மரம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

துளைக்குன்னு பம்ப் போட்டா, மேலே உள்ள பளபளப்பும் சேர்ந்து கரடுமுரடாகுதே?

பம்ப் என்பது மேடுபள்ளம் இருப்பது போலக் காட்டுவது, நார்மல் என்பது மேற்பரப்பு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று சொல்லும் இணைப்பு. நீங்கள் பம்ப் நோடை நார்மலிலும் கோட் நார்மலிலும் சேர்த்து இணைத்திருப்பீர்கள், அல்லது கோட்டே போடாமல் அடி மரத்தின் பளபளப்பையே காட்டிக்கொண்டிருப்பீர்கள். மரத்தின் மேடுபள்ளம் நார்மலுக்கு மட்டும் போகட்டும். கோட் நார்மலை வெறுமையாக விட்டால் படலம் வழவழப்பாகவே இருக்கும். இந்தத் தனி இணைப்பு இருப்பதே இதற்காகத்தான்.

பிறகு யோசிக்க வேண்டியது, துளையை அடைத்துப் பூசியிருக்கிறார்களா என்பது. அடைப்பான் தேய்த்து, சீலர் அடித்து, உப்புத்தாள் போட்டு, மறுபடி அடித்த வேலை என்றால் படலம் கண்ணாடி போலச் சமமாக இருக்கும், துளை கீழே வெறும் கருங்கோடாகத் தெரியும். ஒன்றிரண்டு கை மட்டும் அடித்த வேலை என்றால் படலமும் துளைக்குள் கொஞ்சம் இறங்கும். அப்போது அதே துளைப் படத்தைக் கோட் நார்மலுக்கும் கொடுக்கலாம், ஆனால் மரத்துக்குக் கொடுத்ததில் கால்வாசி வலுவுக்குமேல் வேண்டாம்.

அளவையும் பாருங்கள். துளையின் அகலம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று முதல் மூன்று வரைதான். ரெண்டரில் அது அரிசி அளவுக்குத் தெரிந்தால் நாற்காலி பொம்மை நாற்காலியாகிவிடும். மாடலின் ஸ்கேல் மீட்டரில் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்ப்பது நல்லது.

படலமே தட்டையா இருந்தா ரொம்ப சுத்தமா, கணினியிலே செஞ்சது மாதிரி இருக்கு. என்ன பண்ணலாம்?

கையால் செய்த வேலையில் எப்போதும் தடயம் இருக்கும். பிரஷ்ஷால் அடித்தால் நாரின் திசையில் மிக மெல்லிய நீளக் கோடுகள். ஸ்பிரே அடித்தால் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி மென்மையான அலை. எந்த முறை என்று கேட்டுக்கொண்டு, ஒரு நாய்ஸ் டெக்ஸ்சரை (ஒழுங்கற்ற அலைப் படம்) பம்ப் நோட் வழியாகக் கோட் நார்மலுக்குக் கொடுங்கள். பிரஷ் என்றால் அதை ஒரு திசையில் இழுத்து நீட்டுங்கள். ஸ்பிரே என்றால் அப்படியே விடுங்கள். பம்ப் வலு 0.02, 0.03 போதும். நேராகப் பார்த்தால் தெரியக்கூடாது, பிம்பத்தின் விளிம்பு மட்டும் லேசாக நெளியவேண்டும்.

கோட் ரஃப்னஸிலும் சின்ன வித்தியாசம் வேண்டும். கை படும் இடம், தட்டு வைத்துத் துடைக்கும் இடம், மூலையில் தூசி தங்கும் இடம் எல்லாம் ஒரே எண்ணாக இருக்காது. 0.08 என்று முடிவு செய்திருந்தால் 0.06-க்கும் 0.12-க்கும் நடுவே அலையவிடுங்கள்.

பழைய பர்னிச்சர்ல வார்னிஷ் மஞ்சளாயிருக்கும். அதுக்கு மரத்தோட நிறத்தை மாத்தணுமா?

மரத்தைத் தொடாதீர்கள். கோட் டின்ட் என்று ஒன்று இருக்கிறது, அதை வெளிர் தேன் நிறமாக்குங்கள். டின்ட் என்பது படலம் ஒளியை விழுங்குவதைக் கணக்கிடுகிறது. சாய்ந்து பார்க்கும்போது ஒளி படலத்துக்குள் அதிக தூரம் பயணிக்கும், அதனால் அங்கே நிறம் கூடும். நிஜத்திலும் அப்படித்தான். எண்ணெய் சார்ந்த வார்னிஷ் வருடங்களில் மஞ்சளாகும். தண்ணீர் சார்ந்த பாலியூரித்தேன் பெரும்பாலும் தெளிவாகவே நிற்கும். புது மேசைக்குத் தேன் நிற டின்ட் போட்டுவிட்டு அதை நீர்சார் பூச்சு என்று சொன்னால் பொருந்தாது.

நல்ல மரத்தை இப்படி அப்படித் திருப்பினா உள்ளேர்ந்து பட்டு மாதிரி மினுக்கும். என் ரெண்டர்ல அது வரவே மாட்டேங்குது.

இதுதான் இந்தப் பக்கத்திலேயே கடினமான கேள்வி. அந்த மினுக்கம் வார்னிஷில் இல்லை, மர நாரில் இருக்கிறது. நார்கள் நுண்ணிய குழாய்கள். ஒளி அவற்றில் பட்டு நாரின் திசையைப் பொறுத்து ஒரு பக்கமாகத் திரும்பும். நார் பலகைக்குள் கொஞ்சம் இறங்கியும் ஏறியும் ஓடுவதால், ஒரு பட்டை வெளிச்சமாகும்போது பக்கத்துப் பட்டை இருளும். பலகையைத் திருப்பினால் இடம் மாறும். மெராந்தியைச் சில விதத்தில் அறுத்தால் ரிப்பன் ரிப்பனாகத் தெரிவது இதனால்தான். ஸ்டீபன் மார்ஷ்னரும் உடன் ஆய்வாளர்களும் பூச்சு அடித்த மரங்களை அளந்து, 2005-ல் சிக்ராஃப் என்ற கணினி வரைகலை மாநாட்டில் இதற்கென்றே ஒரு கணக்கீட்டு முறையை முன்வைத்தார்கள். மேலே படலத்தின் நிறமற்ற பளபளப்பு, கீழே நாரின் நிறமுள்ள மினுக்கம் என இரண்டும் தனித்தனி என்பதே அதன் சாரம்.

பிரின்சிபில்ட் நோடில் அதை அப்படியே கொண்டுவர முடியாது, கிட்டே போகலாம். மெட்டாலிக்கை 0.1 அல்லது 0.15 வையுங்கள். மரம் உலோகம் இல்லைதான், ஆனால் அடி மரத்துக்கு மரத்தின் நிறத்திலேயே ஒரு மினுக்கம் கிடைக்கும். அடி ரஃப்னஸ் 0.4 பக்கத்தில், அனிசோட்ரோபிக் (மினுக்கத்தை ஒரு திசையில் நீட்டுவது) 0.6, 0.7. அந்தத் திசையைத் தரும் டேஞ்சென்ட் நோடை யு.வி-க்கு (படத்தை மாடலில் ஒட்டும் வரைபடம்) மாற்றி இணையுங்கள். மினுக்கம் நாருக்குக் குறுக்கே நீளவேண்டும். நாரோடு ஓடினால் அனிசோட்ரோபிக் ரொட்டேஷனை 0.25 ஆக்குங்கள், அது கால் சுற்று. பிறகு நாரின் ஏற்ற இறக்கத்துக்காக, நீளமாக இழுத்த பெரிய அலை ஒன்றை அடி நார்மலுக்கு மட்டும் கொடுங்கள். கோட் நார்மலுக்குப் போகக்கூடாது, ஏன் என்று முன்பே சொல்லியிருக்கிறேன். காமெராவைக் கொஞ்சம் நகர்த்தி அடுத்தடுத்து இரண்டு படம் எடுத்துப் பாருங்கள். பிம்பம் ஒரு பக்கம் நகர, மினுக்கம் வேறு விதமாக நகர்ந்தால் சரியாக வந்திருக்கிறது.

மேலே ஒரு பளபளப்பு, கீழே இன்னொரு பளபளப்பு, ரெண்டு விளக்கா தெரியுது. சரியா?

சரியில்லை. மரத்துக்கும் காற்றுக்கும் நடுவே பளபளப்பு வரும். மரத்துக்கும் வார்னிஷுக்கும் நடுவே மிகக் குறைவு, இரண்டின் ஒளிவிலகலும் கிட்டத்தட்ட ஒன்று என்பதால். ஆகவே ஸ்பெக்குலர் பகுதியில் உள்ள ஐ.ஓ.ஆர் லெவலை 0.5-லிருந்து 0.1-க்கு, அல்லது பூஜ்யத்துக்கே இறக்குங்கள். நாரின் மினுக்கம் இதனால் போய்விடாது, அது மேலே சொன்ன மெட்டாலிக் வழியாக வருவது.

மெட்டீரியல் எல்லாம் சரியா பண்ணிட்டேன், ஆனா உயிரே இல்லை.

வார்னிஷ் தன்னிடம் இல்லாததைக் காட்டாது. சாம்பல் நிற வெற்று உலகத்தில் ஒரே ஒரு சன் லைட் போட்டிருந்தால், படலம் பிரதிபலிக்க அங்கே என்ன இருக்கிறது? உங்கள் வீட்டுக் கூடத்தையே எண்ணிப் பாருங்கள். கண்ணாடிப் பட்டைகளைச் சாய்த்துத் திறக்கும் நாக்கோ ஜன்னல், எதிரே வெள்ளைச் சுவர், இருட்டான நடைவழி, வாசலில் வெயில். மேசை மேல் இவை எல்லாம் விழுகின்றன. ஜன்னலின் பிம்பம் கோடு கோடாக விழுந்து, ஓரத்தில் இருட்டோடு சேரும் இடத்தில்தான் கண் பளபளப்பை உணர்கிறது. வெளிச்சம் மட்டும் போதாது, பக்கத்தில் இருட்டும் வேண்டும்.

முதலில் உள்ளறை ஹெச்.டி.ஆர்.ஐ (சுற்றுப்புறத்தின் ஒளியை முழுதாகப் பதிவு செய்த படம்) ஒன்றைப் போடுங்கள். பாலி ஹேவன் தளத்தில் உரிமைக் கட்டுப்பாடில்லாமல் கிடைக்கும். அது போதாத இடத்தில் ஜன்னல் வடிவத்தில் ஏரியா லைட் வைத்து, அதன் முன் பட்டைகளை நிறுத்துங்கள். வெள்ளைப் பின்னணியில் ஒற்றைப் பொருள் படம் என்றால், காமெராவுக்கு எதிர்ப்பக்கம் நீளமான விளக்கு ஒன்று, பக்கவாட்டில் கறுப்புப் பலகை ஒன்று. எனக்குக் கேட்டால், மெட்டீரியலில் செலவிடும் நேரத்தில் பாதியாவது இதற்குத் தரவேண்டும்.

ஓரம், முனை இதுக்கெல்லாம் தனியா ஏதாவது?

ஓரத்தை ஒன்று அல்லது இரண்டு மில்லிமீட்டர் பெவல் செய்யுங்கள், அதாவது லேசாக மழுக்குங்கள். உப்புத்தாள் படாத கூர்முனை நிஜத்தில் இல்லை. மெல்லிய வெளிச்சக் கோடு விழுவது அங்கேதான். பலகையின் வெட்டு முனையில் நீளக் கோடு வரவே கூடாது, அங்கே புள்ளி புள்ளியாகத் துளைகள்தான் தெரியும். வெட்டு முனை வார்னிஷை அதிகம் உறிஞ்சும், அதனால் மற்ற பக்கங்களைவிடக் கருமையாக இருக்கும். அந்த முகங்களுக்கு வேறு மெட்டீரியல் கொடுத்துவிடுங்கள். நாற்காலிக் காலில் நார் குறுக்காக ஓடினால் தச்சு வேலை தெரிந்தவர் சிரிப்பார். நார் எப்போதும் துண்டின் நீளத்தில்.

ரஃப்னஸ் மேப் போட்டேன், எல்லாமே ஒரு மாதிரி வருது. நார்மல் மேப் குழிக்குப் பதிலா மேடு காட்டுது.

இரண்டும் சின்ன விஷயம். ரஃப்னஸ், நார்மல், பம்ப் படங்களின் கலர் ஸ்பேஸை நான்-கலர் என்று மாற்றுங்கள். எஸ்.ஆர்.ஜி.பி என்ற நிற அமைப்பு பேஸ் கலருக்கு மட்டும். நார்மல் மேப் தலைகீழாக இருந்தால் அது டைரக்ட்எக்ஸ் வகை. பிளெண்டருக்கு ஓப்பன்ஜி.எல் வகை வேண்டும். பச்சைச் சேனலைத் திருப்பிப் போட்டால் சரியாகிவிடும்.

ஊர்லேயே பலகை கிடைக்குதே, போன்லேயே படம் எடுத்துக்கலாமா?

தாராளமாக. நான் பெரிதும் விரும்புவது இதைத்தான், ஏனென்றால் வாடிக்கையாளரின் மரமே அதில் இருக்கும். வெறும் பலகை கிடைத்தால் இன்னும் நல்லது. மேகம் மூடிய நேரத்தில், கடைவீதி ஐந்தடி நடைபாதையின் நிழல் மாதிரி ஒரே சீரான வெளிச்சத்தில், பலகைக்கு நேர் மேலே போனைப் பிடியுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். பக்கத்தில் ஸ்கேலும் ஒரு வெள்ளைத் தாளும் வையுங்கள், அளவுக்கு ஒன்று, நிறத்துக்கு ஒன்று.

வார்னிஷ் அடித்த பலகைதான் கிடைக்கிறது என்றால் பிம்பம் படத்தில் பதிந்துவிடும். அந்தப் படத்தின் மேல் கோட் போட்டால் ரெண்டரில் பழைய ஜன்னலும் புது ஜன்னலும் சேர்ந்து தெரியும். விளக்கின் முன் ஒரு போலரைசர் தாள் (ஒளியை ஒரு திசை அதிர்வில் மட்டும் விடும் தாள்), போன் லென்ஸின் முன் இன்னொன்று, ஒன்றுக்கொன்று 90 பாகை திருப்பி வைத்தால் படலத்தின் பளபளப்பு மறைந்து மரம் மட்டும் பதியும். சுற்றிலும் வேறு வெளிச்சம் இல்லாத இருட்டறையில் செய்யவேண்டும். காமா நோட் பற்றிச் சொன்ன எச்சரிக்கை இந்தப் படத்துக்குப் பொருந்தும்.

தொழிற்சாலையிலே கொடுத்த கலர் சாம்பிளும் என் படமும் ஒத்துப்போகலை. டெக்ஸ்சர் சரியாத்தான் இருக்கு.

கலர் மேனேஜ்மென்ட் பகுதியில் வியூ டிரான்ஸ்ஃபார்ம் (ரெண்டரின் ஒளியைத் திரை நிறமாக மாற்றும் முறை) என்னவென்று பாருங்கள். 4.0-லிருந்து பிளெண்டர் தானாக வைப்பது ஏஜிஎக்ஸ், 2.80-லிருந்து அதுவரை ஃபில்மிக். இரண்டும் அதிக வெளிச்சத்தை அழகாக அடக்கும். கூடவே நிறச் செறிவும் கொஞ்சம் தணியும். செம்பழுப்பு மரம் சாம்பல் கலந்தது போலத் தெரிய இது ஒரு காரணம். நிறம் ஒத்துப்போக வேண்டிய பட்டியல் படத்துக்கு ஸ்டாண்டர்டை வைத்து, விளக்குகள் எரிந்து வெளுக்காதபடி அடக்குங்கள். அறைக் காட்சிக்கு ஏஜிஎக்ஸ்தான் நல்லது, அதில் லுக் என்ற இடத்தில் கான்ட்ராஸ்ட்டைக் கூட்டிப் பார்க்கலாம்.

சாம்பிளை எந்த வெளிச்சத்தில் பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். மஞ்சள் பல்பின் கீழே ரப்பர் கட்டை தேக்கு மாதிரி தெரியும். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், காட்சியின் விளக்கையும் நடுநிலை வெள்ளையாக வைத்து ஒப்பிடுங்கள்.

என் கம்ப்யூட்டர் பழசு. சாம்பிள் குறைச்சு டீநாய்ஸ் பண்ணா மரத்தோட நுணுக்கமெல்லாம் மெழுகு மாதிரி ஆயிடுது.

டீநாய்ஸ் (ரெண்டரின் புள்ளி இரைச்சலை நீக்குவது) அமைப்பில் பாஸஸ் என்ற இடத்தில் ஆல்பிடோ அண்ட் நார்மல் தேர்ந்திருக்கிறதா பாருங்கள். அப்போதுதான் எது டெக்ஸ்சர், எது இரைச்சல் என்று அதற்குத் தெரியும். அப்படியும் மெழுகானால் சாம்பிளை, அதாவது படத்தின் ஒவ்வொரு புள்ளிக்கும் கணக்கிடும் ஒளிக்கதிர்களின் எண்ணிக்கையை, ஏற்றுவதைத் தவிர வழியில்லை. நேரத்தை மிச்சப்படுத்த, பார்த்து முடிவெடுக்கும் வேலைகளை எல்லாம் மேசையின் ஒரு மூலையை மட்டும் ரெண்டர் ரீஜனில் அடைத்துச் செய்யுங்கள். முழுப் படத்தை இரவில் ஓடவிடலாம். வெள்ளைப் புள்ளிகள் தெறித்தால் இன்டைரக்ட் கிளாம்பை (பட்டுத் திரும்பும் ஒளியின் உச்சவரம்பு) 10-க்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ரொம்பக் குறைத்தால் பிம்பங்கள் மங்கிவிடும்.

நான் பிளெண்டர் இல்லை, வி-ரே. இதெல்லாம் எனக்குப் பொருந்துமா?

பொருந்தும். வி-ரே என்ற ரெண்டர் மென்பொருளின் 5-ஆம் பதிப்பிலிருந்து சாதாரண மெட்டீரியலிலேயே கோட் அடுக்கு இருக்கிறது. அதற்கு முந்தைய பதிப்பு என்றால் பிளெண்ட் மெட்டீரியலில் மேலே ஒரு பளபளப்பு அடுக்கு வைக்கவேண்டும். அன்ரியல் என்ற கேம் எஞ்ஜினில் கிளியர் கோட் என்று தனி ஷேடிங் மாடல். பெயர்தான் மாறும், முன்பு சொன்ன 4 சதவீதம் மாறாது.

கடைசியா ஒண்ணு, அக்கா. கோட் எல்லாம் ஏமாத்து வேலைதானே? மரத்துக்கு மேல நிஜமாவே ஒரு கண்ணாடி மெஷ் வச்சா இன்னும் உண்மையா இருக்காதா?

வழக்கமான வார்னிஷுக்கு இருக்காது. சில கை பூசினாலும் படலத்தின் மொத்தக் கனம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒன்றைச் சுற்றியே நிற்கும். அந்தக் கனத்தில் மரம் நகர்ந்து தெரிவதைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் கண்ணாடி மெஷ் (முப்பரிமாண வடிவம்) வைத்த உடனே பிளெண்டரின் ரெண்டர் எஞ்ஜினான சைக்கிள்ஸ் அதை மறைக்கும் பொருளாக எடுத்துக்கொள்ளும். நேரடி விளக்கு மரத்தை அடைய காஸ்டிக்ஸ் (கண்ணாடியில் வளைந்து போகும் ஒளி) வழியாகத்தான் போகவேண்டும். படம் இருண்டு, புள்ளி புள்ளியாகிவிடும். பழைய கணினியில் சொல்லவே வேண்டாம்.

மரத்தின் நடுவில் ஆறு மாதிரி எப்பாக்ஸி ஊற்றிய மேசை கேட்டால் அது வேறு. அங்கே பிசின் சில சென்டிமீட்டர் ஆழம், உள்ளே பட்டையும் குமிழும் தெரியவேண்டும். அந்தப் பகுதிக்கு மட்டும் நிஜ மெஷ்ஷும் டிரான்ஸ்மிஷனும் (ஒளி ஊடுருவுதல்) வையுங்கள். மெஷ் மரத்தின் பக்கச்சுவருக்குள் கொஞ்சம் நுழைந்திருக்கட்டும், இடைவெளி விட்டால் அங்கே காற்று இருப்பதாகக் கணக்காகி வெள்ளிக்கோடு தெரியும். அந்த மேசையின் மரப் பகுதிக்கு வழக்கம்போலக் கோட்டையே வைத்துக்கொள்ளுங்கள், பிசினுக்கும் அதே 1.5, அதே ரஃப்னஸ் கொடுத்தால் ஜன்னலின் பிம்பம் இரண்டின் மேலும் முறியாமல் ஓடும்.